தரையில் விமானம்: கொட்டகைக்குள் சேர்க்கும் எளிய வழிகள்

வானில் இருக்கும்வரை விமானம் பறவை. தரையில் இறங்கிவிட்டால் அது வண்டி. அதிலும் ஆற்றல் குறைந்த வண்டி. அகன்ற சிறகு, சிறு சக்கரம், பின்னோக்கிச் செல்ல வகையில்லாத இயந்திரம் ஆகிய மூன்றும் சேர்ந்து, ஆயிரம் மைல் பறந்து வந்த விமானத்தைக் கொட்டகையின் வாயிலில் செயலற்று நிற்க வைக்கின்றன. பெரிய நிலையங்களில் இழுவை வண்டி வந்து அதனை இட்டுச் செல்லும். தனியார் ஒருவரின் சிறு விமானத்துக்கோ, பறக்கும் சங்கம் ஒன்றின் பயிற்சி விமானத்துக்கோ அத்தகைய வண்டி கட்டுப்படியாவதில்லை. அங்கே ஒருவர் இருவர் கைகளே அதனைத் தள்ளியாக வேண்டும். குறைந்த செலவில், விமானத்துக்கும் ஆளுக்கும் தீங்கு நேராமல் இதனைச் செய்வது எவ்வாறு என்பது, பள்ளிப் பௌதிக நூலில் உள்ள சாய்தளம், கப்பி, நெம்புகோல் ஆகியவற்றால் விடை காணத்தக்க கேள்வியாகும்.

கெடா மாநிலத்துக்கு இக்கேள்வி புதியதன்று. அலோர் ஸ்டாருக்கு வடக்கே கெப்பாளா பத்தாஸில் உள்ள விமானத் திடல், 1930களில் ஐரோப்பாவிலிருந்து கிழக்கே வந்த அஞ்சல் விமானங்கள் இறங்கிச் சென்ற இடமாகும். பாங்காக்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே எண்ணெய் நிரப்பிக்கொள்ள அது வசதியான தங்குமிடமாயிற்று. இன்று சுல்தான் அப்துல் ஹலிம் விமான நிலையம் அமைந்திருப்பதும், மலேசிய அரச விமானப் படையின் பயிற்சிக் கல்லூரி இருப்பதும் அந்தக் கெப்பாளா பத்தாஸிலேதான். தெற்கே சுங்கை பட்டாணியில், ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே, போருக்கு முன் இராணுவ விமானத் தளம் ஒன்று இருந்தது. மேற்கே கடலில், லங்காவித் தீவில், 1991ஆம் ஆண்டு தொடங்கிய லீமா வான்–கடற் கண்காட்சி, சிறிதும் பெரிதுமான விமானங்களைக் கெடா மக்களின் கண்முன் கொண்டுவந்து நிறுத்தியது.

கொட்டகை என்ற சொல்

விமானத்தை நிறுத்தும் கட்டடத்தை உலகெங்கும் ‘ஹங்கார்’ என்கின்றனர். இது பிரெஞ்சுச் சொல். வண்டியும் உழவுக் கருவியும் மழையில் நனையாதபடி நிறுத்தி வைக்கும் நாட்டுப்புறக் கொட்டகையையே அச்சொல் குறித்தது. விமானம் தோன்றிய காலத்தில் அதற்கெனத் தனிக் கட்டடம் எங்கும் இல்லை. கிடைத்த கொட்டகையில் அதனை நிறுத்தினர். கொட்டகையின் பெயரே நிலைத்துவிட்டது. ஆகவே தமிழில் ‘விமானக் கொட்டகை’ என்பது மிகப் பொருத்தமான பெயரேயாகும்.

கெடாவின் தட்பவெப்பத்தில் கொட்டகை ஆடம்பரமன்று. பிற்பகலில் திரண்டு வரும் இடிமழைக் காற்று, கட்டப்படாத சிறு விமானத்தைப் புரட்டிப் போட வல்லது. வெயிலும் ஈரமும் மாறி மாறித் தாக்கினால் துணிச் சிறகு தளரும். உலோகத் தகடு அரிக்கும். எனவே பறந்து வந்தவுடன் விமானத்தை உள்ளே சேர்த்தல் வேண்டும். பெரும்பாலும் வானம் இருட்டிக்கொண்டு வரும் வேளையில், களைத்துப்போன ஒரே ஓர் ஆள் அவசரத்தோடு அதனைச் செய்ய நேர்கிறது. விபத்துக்கு வழி வகுப்பது அந்த அவசரமே.

எவ்வளவு வலு வேண்டும்?

ஆயிரம் கிலோ எடையுள்ள விமானத்தை நகர்த்த ஆயிரம் கிலோ வலு வேண்டியதில்லை. தூக்குவது வேறு, உருட்டுவது வேறு. உருளும் சக்கரத்துக்குத் தரை தரும் தடையை உருளல் உராய்வு என்பர். உலர்ந்த சிமெண்டுத் தளத்தில் இது எடையில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு. இறுகிய குறும்புல் தரையில் சுமார் 5 பங்கு. நெடும்புல்லில் 10 பங்கு. ஊறிய மண்ணில் 10 முதல் 30 பங்குவரை ஆகும். அதாவது ஒரே விமானத்துக்குச் சிமெண்டில் 25 கிலோ அளவு தள்ளினால் போதும். சேற்றில் 300 கிலோ அளவும் தேவைப்படலாம். ஓர் ஆள் தொடர்ந்து தள்ளக்கூடியது சுமார் 20 கிலோ அளவே. சிறிது நேரம் மட்டும் அதைப்போல் இருமடங்கு தள்ள முடியும்.

கெடாவின் இருவகை நிலங்களை அறிந்தவர்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. அலோர் ஸ்டாரைச் சூழ்ந்த நெல்வயற் சமவெளி களிமண். மழை பெய்தால் காலைப் பற்றி இழுக்கும். சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் பக்கத்துத் தோட்ட மேடுகளில் செம்மண். ஓரளவு விரைவில் நீர் வடியும். ஒரே மாட்டு வண்டி ஒன்றில் புதையும், மற்றொன்றில் ஓடும். விமானத்தின் சிறு சக்கரம் மாட்டு வண்டிச் சக்கரத்தைக் காட்டிலும் எளிதில் புதையக்கூடியது.

எடை கூடக் கூட இக்கணக்கு எவ்வளவு கடுமையாகும் என்பதற்குப் போர்க்காலமே சான்று. 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் சுங்கை பட்டாணித் தளத்தையும் அலோர் ஸ்டார்த் தளத்தையும் தாக்கின. தரையில் நின்ற விமானங்கள் பலவும் சேதமுற்றன. அங்கிருந்த பிளென்ஹைம் வகை விமானம் சுமையோடு ஐந்தரை டன்னுக்கு மேற்பட்டது. ஈரப் புல்தரையில் அத்தகையது ஒன்றை நகர்த்த அரை டன்னுக்கும் கூடுதலான இழுவை வேண்டும்; அதாவது இருபத்தைந்து பேர் ஒருசேரத் தள்ள வேண்டும். சிறு விமானம் வைத்திருப்பவரின் நற்பேறு, அவருடைய சுமை இதில் ஐந்திலொரு பங்கு என்பதே.

இரண்டு சென்டிமீட்டர் மேடு

கொட்டகை வாயிலில் விமானம் நின்றுவிடுவதற்குப் பெரும்பாலும் காரணமாவது எடையன்று, வாயிற்படியே. மழைநீர் உள்ளே வராமலிருக்க உட்தளத்தைச் சற்று உயர்த்திக் கட்டுவர். கதவு ஓடும் தண்டவாளமும் சில இடங்களில் மேலெழுந்து நிற்கும். இரண்டு சென்டிமீட்டர் மேடு கண்ணுக்கு அற்பமானது. ஆனால் 20 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரம் அதன்மேல் ஏற, அச்சக்கரம் தாங்கும் எடையில் ஏறக்குறைய பாதி அளவு வலு வேண்டும் எனக் கணக்குக் காட்டுகிறது. ஆயிரம் கிலோ விமானத்தின் பின்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து சுமார் 850 கிலோ தாங்குகின்றன. அவை ஒருசேர அம்மேட்டில் முட்டினால் 400 கிலோ அளவு தள்ள நேரிடும். காற்றடைத்த டயர் நசுங்கிக் கொடுப்பதால் இது ஓரளவு குறையும். எனினும் நால்வர் தள்ளியும் நகராமல் நிற்பதற்கு இதுவே காரணம்.

இதற்கு மருந்து மிக மலிவானது. மேட்டை ஒட்டி 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஆப்பு வடிவப் பலகையோ, சிமெண்டுச் சரிவோ அமைத்தால் போதும். 2 சென்டிமீட்டர் ஏற்றம் 40 சென்டிமீட்டர் நீளத்தில் பரவுவதால், கூடுதலாக வேண்டியது எடையில் இருபதில் ஒரு பங்கே. நானூறு கிலோ வேலை, உருளல் தடையையும் சேர்த்து, எழுபது கிலோவாகச் சுருங்குகிறது. தண்டவாளம் பள்ளமாக இருந்தால் அதன்மேல் இரும்புத் தகடு ஒன்றை இடலாம். ரப்பர்ப்பால் ஏற்றிய தள்ளுவண்டிக்குத் தோட்டத்துக் கொட்டகை வாயிலில் பலகை போடும் தொழிலாளி எந்த நூலையும் படிக்காமலே சாய்தள விதியைக் கையாள்கிறார்.

டயரின் காற்றும் கவனிக்கத்தக்கது. காற்றுக் குறைந்த டயர் தரையில் அமுங்கித் தடையைப் பெருக்கும். தள்ளுவதற்கு மற்றோர் ஆளைத் தேடுவதற்கு முன் காற்று பிடிக்கும் பம்பைத் தேடுதல் அறிவுடைமை.

வாயிற் சரிவின் இரு முகங்கள்

மழைநீர் வடிய, கொட்டகையின் முன்தளத்தை வெளிநோக்கிச் சரித்துக் கட்டுவது வழக்கம். ஐம்பதுக்கு ஒன்று என்னும் சரிவு கண்ணுக்குத் தெரிவதேயில்லை. ஆனால் அது ஆயிரம் கிலோ விமானத்தை வெளிநோக்கி 20 கிலோ அளவு இடையறாது இழுத்துக்கொண்டிருக்கும். தரையின் தடை 25 கிலோ எனக் கொண்டால், உள்ளே தள்ள 45 கிலோ வேண்டும்; வெளியே இழுக்க 5 கிலோ போதும். காலையில் ஒரு கையால் வெளியே வந்த விமானம் மாலையில் இருவருக்கும் அடங்காமற்போவது இதனாலேதான். சரிவு சற்றே கூடினால், நாற்பதுக்கு ஒன்று என்றாகுமானால், விமானம் தானே உருளத் தொடங்கும். ஆயிரம் கிலோ உருளத் தொடங்கிய பின் ஓர் ஆள் அதன் முன்னே நின்று தடுக்க முனைவது உயிருக்கே ஆபத்து.

ஆகவே சரிவுள்ள இடத்தில் ஒருவர் உள்ளே தடையை மிதிக்கத் தயாராக அமர்ந்திருக்க வேண்டும். வேறொருவர் கட்டையோடு சக்கரத்தின் பக்கவாட்டில் நடந்துவர வேண்டும். வண்டிச் சக்கரத்துக்கு வைக்கும் இக்கட்டைக்கு முட்டுக்கட்டை என்று பெயர். இன்று ‘முட்டுக்கட்டை போடுகிறார்’ என்று பழிக்கும் பொருளிலேயே அச்சொல் வழங்குகிறது. வண்டிக்காரருக்கும் விமானிக்கும் அது உயிர் காக்கும் பொருள்.

கைக்கருவிகள்

முதற்கருவி இழுதண்டு. விமானத்தின் மூக்குச் சக்கர அச்சில் மாட்டிக்கொள்ளும் நீண்ட கைப்பிடியே அது. இழுக்கும் வலுவைவிடத் திருப்பும் வசதியையே அது மிகுதியாகத் தருகிறது. ஆயினும் எல்லை உண்டு. செஸ்னா 172 என்னும் பரவலான நான்கு இருக்கை விமானத்தில் மூக்குச் சக்கரத்தை நடுவிலிருந்து இருபுறமும் 30 பாகைக்கு மேல் திருப்பலாகாது. மீறினால் திருப்பும் உறுப்புகள் முறியும். இழுதண்டைக் கழற்ற மறந்து இயந்திரத்தை இயக்கியதால் சுழல்விசிறி உடைந்த விபத்துகள் பல நாடுகளில் நேர்ந்துள்ளன. அதனால்தான் அத்தண்டுக்குச் சிவப்பு வண்ணம் பூசுகின்றனர். கையிலிருந்து விட்டவுடன் கழற்றிவிடுவதே நல்ல பழக்கம்.

வால் தரையில் படிந்து நிற்கும் பழைய வகை விமானங்களுக்கு முறை வேறு. டைகர் மாத் என்னும் பயிற்சி விமானம் வெற்றெடையில் சுமார் 500 கிலோ. சிறககலம் 29 அடி 4 அங்குலம். அதன் பின்னுடலில் தூக்குவதற்கெனக் கைப்பிடிகளே உண்டு. ஒருவர் வாலைத் தூக்கிக்கொள்ள, இருவர் சிறகின் அடிப்பாகத்தில் தள்ளினால் அது நகரும். வாலைத் தாங்க இரு சக்கரச் சிறு தள்ளுவண்டி ஒன்றைச் செய்துகொண்டால் தூக்கும் ஆளும் மிச்சம். பழைய சைக்கிள் சக்கரமும் இரும்புக் குழாயும் கொண்டு பட்டறைக்காரர் ஒருவர் அதனைச் செய்துவிட முடியும்.

இரண்டாவது கருவி கப்பியும் கயிறும். கொட்டகையின் பின்பக்கத் தளத்தில் உறுதியான வளையம் ஒன்றைப் பதித்து, கயிற்றின் ஒரு முனையை அதில் கட்டி, விமானத்தோடு சேர்ந்து நகரும் கப்பி ஒன்றின் வழியே மறுமுனையை இழுத்தால், இழுக்கும் வலு பாதியாகும். மேலே கூறிய 45 கிலோ 23 கிலோவாகி ஒருவர் கைக்கு அடங்கும். கிணற்றுக் கப்பி திசையை மட்டுமே மாற்றுகிறது, நகரும் கப்பி வலுவையே பாதியாக்குகிறது என்னும் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது.

மூன்றாவது கைவின்ச்சு. 30 சென்டிமீட்டர் கைப்பிடி, 5 சென்டிமீட்டர் ஆரமுள்ள உருளை, நான்கு மடங்கு பற்சக்கரம் ஆகியவை கொண்ட ஒரு வின்ச்சு, கையின் வலுவை 24 மடங்காக்கும். 45 கிலோ இழுவைக்குக் கையில் வேண்டியது கணக்குப்படி 2 கிலோ. உராய்வையும் சேர்த்தால் இன்னும் ஓரிரு கிலோ. சிறுவனும் சுற்றலாம். ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. விமானத்தை 15 மீட்டர் இழுக்கக் கைப்பிடியை ஏறக்குறைய 190 முறை சுற்ற வேண்டும். வலுவில் மிச்சப்படுத்தியது தூரத்தில் செலவாகிறது. கைக்குப் பதிலாகக் கார் மின்கலத்தில் ஓடும் சிறு மின்வின்ச்சைப் பொருத்துவோரும் உண்டு. வெளியே விடும்போதும் வின்ச்சு உதவும். கயிற்றை மெல்ல மெல்ல விட்டால் சரிவில் விமானம் தறிகெட்டு ஓடாது.

கயிற்றைக் கட்டும் இடம் முக்கியமானது. இரு பின்சக்கரக் கால்களிலிருந்தும் சமநீளக் கயிறுகள் வந்து நடுவில் கூடும் முறையே பொதுவாக நல்லது. விமானத்தைச் செய்தவர்கள் வேறிடம் குறித்திருந்தால் அதையே கொள்ள வேண்டும். விறைத்த கயிறு அறுந்தால் சவுக்குபோல் வீசும். அதன் நேரே எவரும் நிற்கலாகாது.

நான்காவது, சிறு இயந்திர இழுவை. துளைபோடும் மின்கருவியைக் கொண்டு ஓர் உருளையைச் சுழற்றி, அவ்வுருளையை மூக்குச் சக்கர டயரில் அழுத்தி ஓட்டும் எளிய அமைப்புகள் உள்ளன. புல்வெட்டும் வண்டியில் கொக்கி பொருத்தி இழுப்போரும் உளர். இவற்றின் குறை திடீர்க் குலுக்கல். மனிதக் கை தடையை உணரும், இயந்திரம் உணராது. சக்கரம் எதிலோ முட்டிக்கொண்டாலும் அது இழுத்துக்கொண்டேயிருக்கும். ஆள் நடக்கும் வேகத்துக்கும் குறைவாகவே அதனை ஓட்ட வேண்டும்.

சிறகை மடக்கிய விமானம்

இச்சிக்கலை விமானத்தின் அமைப்பிலேயே தீர்த்தவர்களும் உண்டு. 1925ஆம் ஆண்டு முதன்முதலாகப் பறந்த டி ஹாவிலண்ட் மாத் என்னும் இங்கிலாந்து விமானத்தின் சிறகுகளைப் பின்னோக்கி மடக்கலாம். விரிந்த நிலையில் 30 அடி அகலம். மடக்கினால் சுமார் 10 அடி. அதனைக் காரின் பின்னே கட்டி இழுத்துச் செல்லவும், மோட்டார்க் கொட்டகை போன்ற சிறு இடத்தில் நிறுத்தவும் முடிந்தது. தனியாரும் விமானம் வைத்துக்கொள்ளலாம் என்னும் எண்ணம் பரவியதற்கு இது ஒரு காரணம். மலாயாவின் பறக்கும் சங்கங்களிலும் மாத் விமானங்கள் பறந்தன. ஐம்பது அடி வாயிலுள்ள கொட்டகை கட்டுவதைவிடச் சிறகில் ஒரு கீல் வைப்பது மலிவு என்று கண்டதே அவ்வமைப்பாளரின் கூர்மை.

தள்ளக்கூடாத இடங்கள்

கொட்டகையில் நேரும் சேதங்களில் பெரும்பாலானவை சிறகு நுனியிலும் வாலிலும் ஏற்படுகின்றன. செஸ்னா 172 விமானத்தின் சிறககலம் 36 அடி. வாயில் 40 அடி எனின் இருபுறமும் எஞ்சுவது இரண்டிரண்டு அடியே. மூக்குச் சக்கரத்துக்கும் பின்சக்கரங்களுக்கும் இடைவெளி 65 அங்குலந்தான். நடுவிலிருந்து சிறகு நுனியோ 18 அடி தொலைவில் உள்ளது. ஆகவே மூக்கு பக்கவாட்டில் ஓர் அடி நகர்ந்தால் சிறகு நுனி மூன்றடிக்கு மேல் வீசும். தள்ளுபவர் தம் காலடியில் ஓர் அடிப் பிழையைக் காண்கிறார்; கதவுத் தூண் மூன்றடிப் பிழையைக் காண்கிறது. நெம்புகோல் நன்மைக்கு மட்டுமன்றித் தீமைக்கும் வேலை செய்யும்.

இதற்கு வேண்டியது ஒரு டப்பா வண்ணம். மூக்குச் சக்கரம் செல்லவேண்டிய நேர்க்கோட்டைத் தளத்தில் வரைந்து, பின்சக்கரம் நிற்கவேண்டிய இடத்தில் ஒரு மரக்கட்டையைப் பதித்துவிட்டால், வால் பின்சுவரில் மோதாது. சிறகு தூணில் உரசாது. ஆள் கிடைக்கும்போது இரு சிறகு நுனியிலும் ஒவ்வொருவர் நடந்துவர வேண்டும். ‘நில்’ என்று எவர் கூறினாலும் உடனே நிற்பது என்னும் ஒழுங்கை முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும்.

சிறகின் பின்விளிம்பிலுள்ள அசையும் மடல்களிலும், வாலின் மெல்லிய தகட்டிலும், சுழல்விசிறியின் மூக்குக் கவிகையிலும் கைவைத்துத் தள்ளலாகாது. சிறகுத் தாங்கி உடலோடு சேரும் இடம் போன்ற உறுதியான அடிப்பாகங்களே தள்ளுவதற்குரியவை. எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது சுழல்விசிறி. சிறு விமான இயந்திரத்துக்குப் பொறி தருவது மேக்னெட்டோ. அதற்கு மின்கலம் தேவையில்லை. சாவியை அணைத்திருந்தாலும், உள்ளே ஒரு கம்பி அறுந்திருந்தால் மேக்னெட்டோ உயிரோடிருக்கும். விசிறியைக் கையால் சற்றே திருப்பினாலும் இயந்திரம் ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம். ஆகவே நின்றுபோன விசிறியையும் சுழலும் விசிறியாகவே கருதி விலகி நிற்பது விமானத் திடலின் முதற்பாடம்.

வகுப்பறையில்

இவை அனைத்தையும் தோட்டப் பள்ளி ஒன்றின் மேசைமேலேயே செய்து காட்டலாம். சுருள்வில் தராசு ஒன்று, பொம்மை வண்டி ஒன்று, அதில் ஏற்றச் சில கற்கள் போதும். வண்டியை மேசையில் இழுத்து அளவைக் குறிக்க வேண்டும். பின்னர் மணல் பரப்பிய தட்டில். பின்னர் ஓர் அளவுகோலைக் குறுக்கே வைத்து அதன்மேல். இறுதியாக அவ்வளவுகோலுக்கு முன் அட்டையால் சரிவு அமைத்து அதன்மேல். தராசின் முள் நான்கு இடங்களிலும் வெவ்வேறாகக் காட்டும். இழுக்கும் கை மாறவில்லை, வண்டியின் எடை மாறவில்லை, வழி மட்டுமே மாறியது என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர்.

விமானக் கொட்டகை கற்பிப்பதும் இதுவேயாகும். வலுவைக் கூட்டுவதற்குப் பணம் வேண்டும். தடையைக் குறைப்பதற்குக் கவனம் போதும். முதலில் டயரின் காற்று, அடுத்து வாயிற்படி, பிறகு தளத்தில் ஒரு கோடு, அதன் பின்னரே கப்பியும் வின்ச்சும், இறுதியாக இயந்திரம் என்னும் வரிசையில் சென்றால், பலருக்கு இறுதிப் படிவரை செல்ல வேண்டிய தேவையே எழாது. இவ்வரிசையைத் தலைகீழாக்கி, மேட்டைச் சீராக்காமல் வலிய இயந்திரத்தை வாங்கிப் பூட்டுபவர், மிச்சப்படுத்த எண்ணிய பணத்தைச் சிறகுக்கும் சக்கரக் காலுக்கும் செலவிட நேரும். மழை இருட்டிக்கொண்டு வரும் மாலையில் ஒற்றை ஆளாய் நிற்பவருக்குக் கைகொடுப்பது, வெயில் நாளொன்றில் வாயிலில் வைத்த அந்த ஆப்புப் பலகையே.